அனெக்ஸ் உள்ள வீட்டுக்கு ஸ்டாம்ப் டியூட்டிச் சலுகை இன்னும் உண்டா?

ஹாரோ வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் இப்போது குடியிருக்கும் ஹாரோ ஃபிளாட்டை விற்றுவிட்டு, ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் 780,000 பவுண்டுக்கு ஒரு வீடு வாங்க விலை பேசி முடித்திருக்கிறோம். பழைய கராஜை மாற்றிக் கட்டிய ஓர் அனெக்ஸ் அந்த வீட்டை ஒட்டி இருக்கிறது. ஒரு படுக்கையறை, சிறிய சமையலறை, குளியலறை, பக்கச் சந்திலிருந்து தனி வாசல் எல்லாம் அதில் உண்டு. என் மாமனாரையும் மாமியாரையும் அங்கே குடிவைக்கலாம் என்பதற்காகத்தான் இந்த வீட்டையே தேர்ந்தெடுத்தோம்.

ஸ்டாம்ப் டியூட்டி பற்றி இரண்டு விதமாகக் கேள்விப்படுகிறேன். "சட்டப்படி இது இரண்டு வீடு, அதனால் வரி குறையும்" என்கிறார் வீட்டு முகவர். அலுவலக நண்பர் ஒருவரோ, இரண்டு வீடுகளை ஒரே நாளில் வாங்குவதாகக் கணக்கிட்டுக் கூடுதலாக 5 விழுக்காடு வசூலிப்பார்கள் என்று அச்சுறுத்துகிறார். வீட்டுப் பத்திர வேலையைப் பார்க்கும் எங்கள் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அனெக்ஸைப் பற்றிய விவரங்களை எழுத்தில் கேட்டிருக்கிறார். நான் இன்னும் அனுப்பவில்லை. இந்த இரண்டில் எது சரி என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ரெடிங் கணக்கர் எழுதியது:

வணக்கம் தம்பி. முகவர் சொல்வது 2024 மே மாத இறுதி வரை உண்மையாக இருந்திருக்கலாம், இன்று அது உண்மையல்ல. நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் உங்கள் நிலையில் அது பொருந்த வாய்ப்புக் குறைவு. முதலில் சலுகையைப் பற்றிச் சொல்கிறேன்.

முகவர் மனதில் வைத்திருப்பது எம்.டி.ஆர். எனப்படும் பல குடியிருப்புச் சலுகை. ஒரே பரிவர்த்தனையில் ஒன்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளை வாங்குபவர்களுக்காக 2011ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் அது கொண்டுவரப்பட்டது. மொத்த விலையைக் குடியிருப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து, கிடைக்கும் சராசரி விலைக்கு வரி கண்டு, அதை மீண்டும் அதே எண்ணிக்கையால் பெருக்குவார்கள். எவ்வளவு குறைந்தாலும் மொத்த விலையில் 1 விழுக்காட்டுக்குக் கீழே வரி போகக் கூடாது என்ற ஒரு வரம்பும் இருந்தது. வரி இல்லாத முதல் அடுக்கையும் குறைந்த விகித அடுக்குகளையும் வாங்குபவர் இரண்டு முறை பயன்படுத்திக்கொள்ள முடிந்ததுதான் இந்தச் சலுகையின் சாரம்.

உங்கள் வீட்டையே 2024 தொடக்கத்தில் வாங்கியிருந்தால் கணக்கு இப்படி இருந்திருக்கும். அப்போது 250,000 பவுண்ட் வரை வரி இல்லை, அதற்கு மேல் 925,000 வரை 5 விழுக்காடு. ஒரே வீடாகக் கொண்டால் மீதி 530,000க்கு 26,500 பவுண்ட் வரி. இரண்டு குடியிருப்புகளாகக் கொண்டால் சராசரி 390,000. ஒன்றுக்கு 7,000, இரண்டுக்கும் 14,000. ஆகவே 12,500 பவுண்ட் மிச்சம். 925,000க்கு மேல் விலை கூடக் கூட இந்த மிச்சமும் பெருகும். 15 லட்சம் பவுண்ட் வீடு என்றால் 91,250க்குப் பதிலாக 50,000 கட்டினால் போதுமாக இருந்தது. இத்தனை பேர் தங்கள் வீட்டில் இரண்டாவது குடியிருப்பைத் தேடியதற்கு இந்த எண்களே போதுமான விளக்கம்.

2024 மார்ச் 6ஆம் நாள் நிதிநிலை அறிக்கையில் அப்போதைய நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் இந்தச் சலுகையை நீக்குவதாக அறிவித்தார். ஜூன் 1 முதல் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பு நாளன்றோ அதற்கு முன்போ ஒப்பந்தம் பரிமாறிக்கொண்டு, பின்னர் அதை மாற்றாமல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும், கிரயம் எப்போது முடிந்தாலும் பழைய சலுகை தொடரும். உங்கள் ஒப்பந்தம் அந்த வரம்புக்குள் வராது. இவையெல்லாம் இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டுமே உரியவை. ஸ்காட்லாந்தில் 2015 முதலும் வேல்ஸில் 2018 முதலும் வேறு வரிகள், வேறு விதிகள்.

லெஸ்டர் சிவகாமி எழுதியது:

கணக்கர் ஐயா சொன்ன சட்ட நிலையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த நீக்கம் நியாயமானதா என்ற கேள்வியை இங்கே வைக்க விரும்புகிறேன், ஏனென்றால் இது நம்மைப் போன்ற குடும்பங்களை நேரடியாகத் தொட்ட முடிவு.

வயதான பெற்றோரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பாமல் தங்களோடு வைத்துக்கொள்ளும் குடும்பம், அரசுக்கும் உள்ளூர் கவுன்சிலுக்கும் எவ்வளவு பெரிய செலவை மிச்சப்படுத்துகிறது என்பதை முதியோர் பராமரிப்புத் துறையில் வேலை செய்பவள் என்ற முறையில் அன்றாடம் பார்க்கிறேன். ஒரே கூரையின் கீழ், ஆனால் தனிக் கதவோடும் தனி அடுப்போடும் வாழ்வது அம்மா அப்பாவுக்கும் மரியாதை, மருமகளுக்கும் நிம்மதி. அப்படிப்பட்ட வீடு இயல்பாகவே விலை கூடியது. கூடிய விலைக்குக் கூடிய வரியும் உண்டு. அந்தச் சுமையைச் சிறிது குறைத்த ஒரே விதியை, முதலீட்டாளர்கள் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்ற காரணத்துக்காக, உண்மையாகவே பெற்றோரைக் குடிவைத்த குடும்பங்களிடமிருந்தும் பறித்துவிட்டார்கள். களையைப் பிடுங்கும்போது நாற்றையும் சேர்த்துப் பிடுங்கியதாகவே இதைக் காண்கிறேன்.

ரெடிங் கணக்கர் எழுதியது:

அக்காவின் வருத்தத்தை மதிக்கிறேன். எனினும் அந்தச் சலுகை பெற்றோருக்கான அனெக்ஸை நினைத்துத் தொடங்கப்பட்டதே அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். வாடகைக்கு விடுவதற்காக மொத்தமாக வீடுகள் வாங்கும் நிறுவனங்களுக்கு, ஒரே பரிவர்த்தனை என்ற காரணத்தால் மிக உயர்ந்த விகிதம் விழாமல் இருக்க வேண்டும், அதன் மூலம் வாடகை வீடுகள் பெருக வேண்டும் என்பதே 2011இன் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியதற்கு வலுவான சான்று இல்லை என்று அரசு வெளியாரைக் கொண்டு நடத்திய மதிப்பீடு கூறியது. அனெக்ஸ் உள்ள குடும்ப வீடுகளுக்கு அது பயன்பட்டது சட்டத்தின் சொற்கள் அகலமாக இருந்ததால் விளைந்த பக்கப் பயன்தான்.

அந்தப் பக்கப் பயனைத்தான் பணம் திரும்பப் பெற்றுத்தரும் முகவர்கள் ஒரு தொழிலாக்கினார்கள். நிலப்பதிவேட்டில் விற்பனையைப் பார்த்து, வீடு வாங்கியவர்களுக்குக் கடிதம் எழுதி, நிலவறையையும் தோட்டத்து அறையையும் தனிக் குடியிருப்பு என்று கோரச் செய்தார்கள். தீர்ப்பாயங்களில் வழக்குகள் குவிந்தன. 2021 நவம்பரில் அரசின் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. இதைப் பற்றிப் பொதுக் கருத்துக் கேட்டபோதே சலுகையின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன என்று எங்கள் துறையில் பலர் கருதினோம்.

லெஸ்டர் சிவகாமி எழுதியது:

நோக்கம் வேறாக இருந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் தவறான கோரிக்கையையும் உண்மையான தேவையையும் பிரித்தறிய வழியே இல்லாததுபோல் அரசு நடந்துகொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்காக உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸில் அந்தப் பிரிவினை ஏற்கெனவே இருக்கிறது. அனெக்ஸில் குடியிருப்பவர் குடும்பத்தைச் சார்ந்து வாழும் உறவினராக, அதாவது 65 வயதைக் கடந்தவராகவோ கடுமையான, நிரந்தரமான உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவராகவோ இருந்தால், அந்த அனெக்ஸுக்குக் கவுன்சில் டாக்ஸே கிடையாது. மற்றக் குடும்ப உறுப்பினர் குடியிருந்தால் 2014 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் 50 விழுக்காடு தள்ளுபடி. யார் குடியிருக்கிறார்கள் என்பதைக் கவுன்சிலால் சரிபார்க்க முடிகிறது என்றால், அதே அளவுகோலை வைத்து ஸ்டாம்ப் டியூட்டியில் ஒரு குறுகிய சலுகையைத் தக்கவைத்திருக்கலாம் அல்லவா? குடிவைத்த பிறகு கோரிப் பெறும் திருப்பித் தொகையாகக்கூட அதை அமைத்திருக்கலாம்.

ரெடிங் கணக்கர் எழுதியது:

அது நல்ல யோசனை. ஸ்டாம்ப் டியூட்டி கிரயம் முடிந்த நாளின் நிலையை மட்டும் பார்க்கும் வரி என்பதால் பிற்காலக் குடியிருப்பைச் சான்றாகக் கொள்வது கடினம் என்று கருவூலம் சொல்லும். ஆனால் பழைய வீட்டைப் பிறகு விற்றவருக்குக் கூடுதல் வரியைத் திருப்பித் தரும் முறை அதே வரியில் இன்றும் இயங்குகிறது. ஆகவே முடியாது என்பதற்கில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம் வருகிறேன்.

குரோய்டன் இளையவர் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. என் அக்கா 2024 ஏப்ரலில் சரே பகுதியில் வீடு வாங்கினார். வீட்டின் பின்பகுதியில் சமையல் வசதியுடன் ஓர் அறைத்தொகுதி உண்டு. நடுவில் கதவில்லாத ஒரு சிறு நடை. போன வாரம் ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. பல்லாயிரம் பவுண்ட் திரும்பக் கிடைக்கும், வெற்றி பெற்றால் மட்டும் 30 விழுக்காடு கட்டணம் என்கிறது. இழப்பதற்கு ஒன்றும் இல்லையே என்று அக்கா கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். போடலாமா?

ரெடிங் கணக்கர் எழுதியது:

போட வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். காரணங்கள் இரண்டு. இவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட கடிதங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

முதலாவது, காலம் கடந்துவிட்டது. ஸ்டாம்ப் டியூட்டிப் படிவத்தைக் கிரயம் முடிந்த 14 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கடைசி நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் மட்டுமே படிவத்தைத் திருத்த முடியும். எம்.டி.ஆர். என்பது அந்தப் படிவத்திலோ அதன் திருத்தத்திலோ கோரப்பட வேண்டிய சலுகை. அக்கா 2024 மே 31இல் கிரயம் முடித்திருந்தாலும் திருத்தும் கெடு 2025 ஜூன் 14உடன் முடிந்துவிட்டது. அதிகமாகக் கட்டிய வரியை நான்கு ஆண்டுகளுக்குள் கேட்கும் வேறொரு வழி உண்டே என்று கடிதத்தில் எழுதியிருக்கலாம். குறித்த காலத்தில் கோரத் தவறிய சலுகையை அந்த வழியில் மீட்க முடியாது என்பதைத் தீர்ப்பாயம் முன்பே தெளிவாக்கிவிட்டது.

இரண்டாவது, காலம் இருந்திருந்தாலும் கதவில்லாத நடை அந்தக் கோரிக்கையை வீழ்த்தியிருக்கும். இதே நிலையில்தான் ஃபியாண்டர் மற்றும் பிரவர் என்ற வழக்கு மேல் தீர்ப்பாயம் வரை சென்று 2021இல் தோற்றது. முதன்மை வீடும் அனெக்ஸும் ஒரு குறுகிய நடையால் இணைக்கப்பட்டிருந்தன, இடையே கதவு இல்லை. ஒவ்வொரு பகுதியும் தனிக் குடியிருப்பாகப் பயன்படத் தகுந்ததா என்பதை, கிரயம் முடிந்த நாளில் கட்டடம் இருந்த நிலையை வைத்து, நடுநிலையாகப் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பாயம். வாங்கியவர் யாரைக் குடிவைக்க எண்ணினார் என்பது அங்கே முடிவைத் தீர்மானிக்காது. ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத இரண்டு குடும்பங்கள், ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயுமாக, போதிய தனிமையோடும் பாதுகாப்போடும் தன்னிறைவோடும் வாழ முடியுமா என்பதே கேள்வி. நடையில் கதவு இல்லை என்றால் பக்கத்துக் குடும்பத்தார் எந்நேரமும் உள்ளே வரலாம். பின்னர் ஒரு கதவைப் பொருத்திக்கொள்ளலாம் என்ற வாதம் அந்த நாளின் நிலையை மாற்றாது.

"இழப்பதற்கு ஒன்றும் இல்லை" என்பதும் சரியன்று. படிவத்துக்கும் அதில் உள்ள கோரிக்கைக்கும் சட்டப்படி பொறுப்பு வாங்கியவருடையது, முகவருடையது அல்ல. திருத்தத்தை எச்.எம்.ஆர்.சி. முதலில் சோதிக்காமலே பணத்தை அனுப்பிவிட்டு, அதன்பின் ஒன்பது மாதங்களுக்குள் விசாரணையைத் தொடங்கலாம். கோரிக்கை தள்ளுபடியானால் முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். கவனக்குறைவு என்று கருதப்பட்டால் அபராதமும் சேரும். முகவர் எடுத்துக்கொண்ட 30 விழுக்காடு அதற்குள் கைமாறிப் போயிருக்கும்.

மில்டன் கீன்ஸ் தாயார் எழுதியது:

ஐயா எழுதியது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2022இல் வாங்கிய வீட்டுக்கு ஒரு முகவர் மூலம் கோரினோம், பணமும் வந்தது. பிறகு விசாரணைக் கடிதம் வந்தது. இணைப்புக் கதவின் பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது, மின்சார மீட்டர் எத்தனை, வெந்நீர்க் கட்டுப்பாடு யார் கையில், தபால் முகவரி தனியா என்று கேள்விகள் தொடர்ந்தன. முகவரின் தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. கடைசியில் எங்கள் சேமிப்பிலிருந்து முழுத் தொகையையும் வட்டியோடு கட்டினோம். வேறொரு குடும்பம் அந்த இரவுகளைக் கடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தம்பி, உங்கள் அக்காவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

குரோய்டன் இளையவர் எழுதியது:

படித்துக் காட்டினேன், அம்மா. கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்கும் ஐயாவுக்கும் நன்றி.

ஹாரோ வாசி எழுதியது:

சலுகை இல்லை என்பது தெளிவாகிவிட்டது. நண்பர் சொன்ன 5 விழுக்காட்டைப் பற்றியும் சொல்லுங்கள் ஐயா. 780,000க்கு அது 39,000 பவுண்ட். அப்படி ஒரு தொகை விழுந்தால் இந்த வீட்டையே நாங்கள் கைவிட வேண்டியிருக்கும்.

ரெடிங் கணக்கர் எழுதியது:

கூடுதல் வீடுகளுக்கான உயர் விகிதம் 2016 ஏப்ரல் 1இல் 3 விழுக்காடாகத் தொடங்கியது, 2024 அக்டோபர் 31 முதல் 5 விழுக்காடாக உயர்ந்தது. ஒரே பரிவர்த்தனையில் இரண்டு குடியிருப்புகளை வாங்கினால் இந்த உயர் விகிதம் விழும் என்பதும், பழைய வீட்டை விற்று மாற்றுவதாகச் சொன்னாலும் அங்கே தப்ப முடியாது என்பதும் விதி. உங்கள் நண்பர் இதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறார். பெற்றோருக்கான அனெக்ஸ் உள்ள வீடுகள் இதில் சிக்கும் என்று 2016இல் பெரும் எதிர்ப்பு எழுந்ததால், சட்டம் நிறைவேறும் முன்பே ஒரு விலக்கைச் சேர்த்தார்கள். இன்று அனெக்ஸ் வீடு வாங்குவோருக்கு மிஞ்சியிருக்கும் உண்மையான பாதுகாப்பு அந்த விலக்குத்தான்.

அனெக்ஸ் முதன்மை வீட்டின் அதே கட்டடத்திலோ அதன் வளாகத்துக்குள்ளோ இருக்க வேண்டும். மொத்த விலையில் மூன்றில் இரண்டு பங்காவது முதன்மை வீட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அனெக்ஸ் துணைக் குடியிருப்பு ஆகும்; அது இருப்பதால் மட்டும் உயர் விகிதம் விழாது. உங்கள் விலையில் முதன்மை வீட்டின் பங்கு குறைந்தது 520,000 பவுண்டாக இருந்தால் போதும், அனெக்ஸின் பங்கு 260,000 வரை போகலாம். கராஜை மாற்றிய ஒரு படுக்கையறை அனெக்ஸுக்கு அவ்வளவு விலை வருவது அரிது. இந்தப் பங்கீடு வெறும் சதுர அடிக் கணக்கு அல்ல. நியாயமான, பொருத்தமான பங்கீடு என்பதே சட்டத்தின் அளவுகோல். ஒரே வளாகத்தில் இரண்டு அனெக்ஸ்கள் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மூன்றில் ஒரு பங்குக்குள் அடக்க வேண்டும்.

எல்லை தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய தோட்டத்தில் புதிதாகக் கட்டிய இரண்டு படுக்கையறை வீடு ஒன்றும் பழைய முதன்மை வீடு ஒன்றும் சேர்ந்து 800,000 பவுண்ட் என்று வையுங்கள். நியாயமான பங்கீட்டில் பழைய வீடு 500,000, புதியது 300,000 என்றால் முதன்மை வீட்டின் பங்கு 62.5 விழுக்காடுதான். விலக்கு போய்விடும், 40,000 பவுண்ட் கூடுதல். அப்படிப்பட்ட வீடு வாங்குவோர் ஒப்பந்தம் பரிமாறும் முன்பே சர்வேயரிடம் எழுத்தில் பங்கீட்டுக் கருத்து வாங்கிவிடுவது மிகவும் நல்லது.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் வரி இல்லாத அடுக்கு 125,000க்குத் திரும்பிவிட்டது. அடுத்த 125,000க்கு 2 விழுக்காடு என்பது 2,500. மீதி 530,000க்கு 5 விழுக்காடு என்பது 26,500. மொத்தம் 29,000 பவுண்ட். உங்கள் அனெக்ஸைச் சட்டம் தனிக் குடியிருப்பாகக் கருதினாலும் சரி, வீட்டின் ஒரு பகுதியாகவே கருதினாலும் சரி, தொகை இதுதான். எம்.டி.ஆர். காலத்தில் பூட்டையும் மீட்டரையும் பற்றி எழுந்த அத்தனை வழக்குகளும் உங்களைப் பொறுத்தவரை இனி வேலையற்றவை.

ஹாரோ வாசி எழுதியது:

பெரிய பாரம் இறங்கியது ஐயா. இன்னும் இரண்டு விவரங்கள். எங்கள் ஃபிளாட் விற்பனை ஒருவேளை சில வாரங்கள் தள்ளிப்போகலாம். மற்றொன்று, மாமனார் 150,000 பவுண்ட் தருவதாகச் சொல்கிறார். தம் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவர்களுக்குத் தஞ்சாவூரில் சொந்த வீடு உண்டு, இதுவரை அங்கேதான் இருந்தார்கள். இங்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது.

ரெடிங் கணக்கர் எழுதியது:

இந்தப் பதிவில் நீங்கள் சொன்னதுதான் இந்த இழையிலேயே பெரிய பண விஷயம். அனெக்ஸைவிடப் பல மடங்கு பெரியது. தயவுசெய்து இதைச் சொலிசிட்டரிடம் இன்றே தெரிவியுங்கள்.

ஃபிளாட் தாமதமாவது சமாளிக்கக்கூடியது. புது வீடு கைக்கு வரும் நாளில் பழைய ஃபிளாட் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் 39,000 பவுண்டையும் சேர்த்து 68,000 கட்ட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் ஃபிளாட்டை விற்றுவிட்டால் அந்தக் கூடுதல் தொகையைத் திரும்பக் கோரலாம். கோருவதற்கும் கெடு உண்டு: விற்ற நாளிலிருந்து 12 மாதங்கள், அல்லது படிவத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 12 மாதங்கள், இவற்றில் எது பின்னால் வருகிறதோ அது.

மாமனாரின் பெயர் வேறு விதமான சிக்கல். உயர் விகிதத்தைப் பார்க்கும்போது உலகின் எந்த மூலையில் உள்ள வீடும் கணக்கில் வரும். தஞ்சாவூர் வீட்டில் அவருடைய பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் அந்த வீடும் அதில் அடங்கும். கூட்டாக வாங்குபவர்களில் ஒருவருக்கு உயர் விகிதம் பொருந்தினாலே முழு விலைக்கும் அது விழும். நீங்கள் பழைய வீட்டை விற்று மாற்றுகிறீர்கள், அவர் அப்படி மாற்றவில்லை. ஆகவே 39,000 பவுண்ட் கூடும். தஞ்சாவூர் வீட்டை அவர் விற்காத வரை திரும்பவும் வராது.

அதோடு முடியவில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் இந்நாட்டில் வசிக்காதவர் வீடு வாங்கினால் 2 விழுக்காடு தனிக் கூடுதல் உண்டு. கிரயத்துக்கு முந்தைய ஓராண்டில் 183 நாட்களுக்குக் குறைவாக இங்கே இருந்தவர் வசிக்காதவராகக் கருதப்படுவார், கூட்டாக வாங்குபவர்களில் ஒருவர் அப்படி இருந்தாலே போதும். அது மேலும் 15,600 பவுண்ட். அவர் தொடர்ந்து இங்கேயே தங்கி 183 நாட்களை நிறைவு செய்தால் இந்த 2 விழுக்காட்டை மட்டும் பிறகு திரும்பக் கோரலாம். ஆக, பத்திரத்தில் ஒரு பெயர் சேர்வதால் முதல் நாளில் கட்ட வேண்டிய வரி 29,000இலிருந்து 83,600 ஆக ஏறுகிறது.

லெஸ்டர் சிவகாமி எழுதியது:

இங்கே பணத்தோடு மனமும் சேர்ந்திருக்கிறது. தம் வாழ்நாள் சேமிப்பைத் தரும் பெரியவர், தம் பெயர் எங்கும் இல்லாத வீட்டில் போய்க் குடியேறத் தயங்குவது இயல்பே. வரிக்காகப் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னால் அவர் மனம் நோகும். அவருடைய பணத்துக்கு எழுத்தில் ஏதாவது பாதுகாப்பு செய்ய முடியாதா ஐயா?

ரெடிங் கணக்கர் எழுதியது:

அக்கா கேட்பது மிகச் சரி. தொகையைக் கடனாகக் கொண்டு முறையான கடன் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் வீட்டுக் கடன் தரும் வங்கிக்கு அதை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். பல வங்கிகள் பெற்றோரின் பணம் அன்பளிப்பு என்று எழுத்தில் கேட்கும், கடன் என்றால் ஏற்க மறுக்கவும் கூடும். பத்திரத்தில் பெயர் இல்லாமலே வீட்டில் பங்கு உண்டு என்று டிரஸ்ட் ஆவணம் எழுதும் வழியை மட்டும் நம்பிவிடாதீர்கள். பயன் உரிமை உள்ளவரையும் வாங்குபவராகவே ஸ்டாம்ப் டியூட்டி விதிகள் பார்க்கும், ஆகவே அதே கூடுதல் வரி வந்து சேரும். மாமனார் தமக்கெனத் தனியாக ஒரு சொலிசிட்டரின் ஆலோசனையைப் பெறுவது அவருக்கும் உங்களுக்கும் நல்லது.

மில்டன் கீன்ஸ் தாயார் எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். கட்டட அனுமதியில் அனெக்ஸைத் தனியாக விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கவுன்சில் பதிவில் பாருங்கள். அனெக்ஸுக்குத் தனிக் கவுன்சில் டாக்ஸ் பிரிவு இருந்தால், பெரியவர்கள் குடிவந்த உடனே விலக்குக்கு விண்ணப்பியுங்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

ஹாரோ வாசி எழுதியது:

நேற்று இரவு மாமனாரோடு உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் படித்தோம். 83,600 என்ற எண்ணைப் பார்த்ததும் அவரே பெயர் வேண்டாம் என்றார். ஆனால் அக்கா சொன்னதை மனதில் வைத்து, தனிச் சொலிசிட்டர் ஒருவரை அவருக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். கடனா அன்பளிப்பா என்பதை அவர் அங்கே பேசி முடிவு செய்வார். வங்கியிடமும் இதைத் தெரிவித்துவிட்டோம். அனெக்ஸின் வரைபடம், கட்டட அனுமதி, ஃபிளாட் விற்பனை நாள், மாமனாரின் பயண நாட்கள் எல்லாவற்றையும் எங்கள் சொலிசிட்டருக்கு அனுப்பிவிட்டேன். அனுமதியில் தனியாக விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. அது வரியைப் பாதிக்குமா ஐயா?

ரெடிங் கணக்கர் எழுதியது:

உங்கள் வரியைப் பாதிக்காது. பழைய சலுகையைக் கோரியிருந்தால் அந்த நிபந்தனை உங்களுக்கு எதிரான சான்றாக எடுத்து வைக்கப்பட்டிருக்கும். துணைக் குடியிருப்பு விலக்குக்கு அது தடையல்ல. தனியாக விற்க முடியாத அனெக்ஸின் மதிப்புக் குறைவு என்பதால் மூன்றில் இரண்டு பங்குக் கணக்குக்கு ஓரளவு துணையாகவே நிற்கும். சொலிசிட்டர் படிவத்தைத் தாக்கல் செய்யும் முன் உங்களுக்கு அனுப்பும் நகலில், வாங்குபவர்களாக உங்கள் இருவர் பெயர் மட்டும் இருக்கிறதா, தொகை 29,000 என்று வருகிறதா என்று பாருங்கள். வேறு தொகை இருந்தால் அதை இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.